ஆறாம் வகுப்பின் தொகை

எங்கள் பாடசாலையில் இப்போது உயர்தரம் வரை வகுப்புகள் உண்டு. ஆய்வுகூடத்தின் மின்னிணைப்புப் படத்தை நான்தான் கீறிக் கொடுத்தேன். ஆனால் கண்டாவளைப் பக்கம் நாங்கள் மீளக்குடியேறிய வருடம் அது ஐந்தாம் வகுப்போடு நின்ற பள்ளிக்கூடம். அங்கே ஆறாம் வகுப்பை முதன்முதலாகத் திறந்தபோது அதற்கு இருந்தவை: தகரக் கொட்டகையில் ஒரு மூலை, ஒரு கரும்பலகை, உட்கார இரண்டு கதிரை, நான்.

இரண்டாவது கதிரை, பிள்ளைகளுக்கு மதியச் சோறு சமைக்க வந்த அன்ரியின் மகளுக்கு. சண்டையின் கடைசி நாட்களில், சனத்துக்குள் தாயின் கையை விட்டுப்போனவள்.

“என்ர பிள்ளையும் ஆறாம் வகுப்புத்தான் சேர். பேரைப் போடுங்கோ, அவள் வந்திடுவாள்” என்று அன்ரி அதிபரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அதிபர் மாணவர் பெயர் பதியும் இடாப்பில் அவள் பெயரை எழுதினார். கதைக்க ஓராள் வரப்போகிறாள் என்று நான் கதிரையைத் துடைத்து வைத்தேன்.

காலையில் கரும்பலகையின் மூலையில் தொகையும் வரவும் எழுத வேண்டும். அது வகுப்புத் தலைவரான மொனிற்றரின் வேலை, மொனிற்றரும் நான்தான். தொகை 2, வரவு 1. மழை தொடங்கியது, வயல் பச்சையானது, கதிர் முற்றியது. தொகை 2, வரவு 1. அவளுக்கு என்று சொல்லிவைத்த கதைகள் எனக்கே மறந்துபோயின. ஐந்தாம் வகுப்புப் பெடியள் எட்டிப் பார்த்து, “என்ன, உன்ர சிநேகிதி இண்டைக்கும் கள்ளமோ?” என்று சிரிப்பார்கள்.

ஒருநாள் கோபத்தில், தொகை 1, வரவு 1 என்று எழுதிவிட்டேன்.

சோற்று வாளியோடு வந்த அன்ரி கரும்பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு வாளியை இறக்கிவைத்து, சீலைத் தலைப்பால் முதலாவது ஒன்றை அழித்தார்.

“ஆர் பிள்ளை இப்பிடி எழுதச் சொன்னது?”

“நானாத்தான். அவ வாறேல்லையே அன்ரி.”

“வராட்டி வரவிலதானே குறைக்கோணும். தொகையில ஏன் கைவைக்கிறாய்?”

சோக்கட்டியை என் கையிலிருந்து வாங்கி 2 என்று எழுதினார். அன்று எனக்குச் சோறு போட்டபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் சொன்னது சரியென்றே எனக்குப் பட்டது. கணக்கில் விட்ட பிழையைத் திருத்தினார் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்க் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டேன்: இடாப்பில் உள்ளவர் எல்லாரும் தொகை, வந்தவர் மட்டும் வரவு.