மகிழம்பூவுக்கு ஒரு பூட்டு

போன வாரம் கடைக்குப் போய், நல்ல கனமான பூட்டாகப் பார்த்து வாங்கி வந்தேன். எதற்கு? நகைக்கா, பீரோவுக்கா? பூவுக்கு!

செங்கம் ரோடு பக்கம் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வாசலில் ஒரு மகிழமரம். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலுக்குள் நிற்கிறதே, அதே ஜாதி. இந்த வெயிலிலும் இலை உதிராமல் பச்சையாக நிற்கிறது. தேன்சிட்டு, அணில், தேனீ என்று எங்களைவிட அதற்குத்தான் விருந்தாளிகள் ஜாஸ்தி. மகிழம்பூவை யாரும் பறிப்பதில்லை. அதுவே உதிரும். மிதிபடுவதற்குள் பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

அதைப் பொறுக்கத்தான் ஒரு அம்மாள், ரேடியோவில் காலைச் செய்தி ஆரம்பிக்கும் முன்பே கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். கேட்காமல் கொள்ளாமல்! நான் கோலம் போட வருவதற்குள் வாசல் காலி. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள்... எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியாதா? கத்தியே விட்டேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கே பூட்டு.

மறுநாள் எட்டிப் பார்த்தால், காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டில் குந்தியிருக்கிறார். சாணிக்கும் செருப்புக்கும் தப்பிய நாலு பூவை ஊதி ஊதி முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தார். சண்டை போடத்தான் போனேன்.

"தப்பா நினைக்காதீங்கம்மா," என்றார். "உங்களுக்கு முன்னாடி எட்டு வருஷம் இந்த வீட்ல நான்தான் குடியிருந்தேன். கன்னு நான் வெச்சது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னப்பதான் மொதல் மொட்டு விட்டுச்சு. பூவைப் பாக்காமலே போயிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது.

பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராம். தனி ஆள். கிணறு வற்றிய கோடையில், தெருமுனை அடிபம்பில் அடித்து வந்த இரண்டு குடத்தில் ஒன்று மரத்துக்குத்தானாம். வீடு யாருடையது என்று பத்திரத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். குடம் சுமந்தது யார் என்று எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?

பூட்டைக் கழற்றினேன். உள்ளே வந்தவர் பூவைக்கூடப் பார்க்கவில்லை. நேரே அடிமரத்துக்குப் போனார். பாத்தி கட்டாமல் இப்படியா விடுவது என்று என்னை ஒரு பிடி பிடித்தார் – வாய் நீளத்தில் எனக்குக் குறைந்தவர் இல்லை! பிறகு இருவருமாக உட்கார்ந்து பூவைக் கோத்தோம். நடுவில் ஓட்டையோடுதான் உதிர்கிறது. தையல் டீச்சருக்கே ஊசி தேவைப்படவில்லை.

கிளம்பும்போது கேட் அருகே தயங்கி நின்றார்.

"நாளைக்கு உங்களையும் காலி பண்ணச் சொல்லலாம். அப்ப வர்றவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறீங்களா... விடியகாலைல ஒரு அம்மா வருவாங்கன்னு?"

சொல்கிறேன் டீச்சர். ஆனால் ஒரு அம்மா இல்லை... இரண்டு பேர் வருவோம் என்று சொல்வேன்.