மிச்சம் பிடித்த மூச்சு

ஒரு கண்ணாடிக் குழல்; அதன் வாலில் சிவப்பு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் மருந்து புகைபோல வரும். நாற்பதுகளில் தூத்துக்குடியிலேயே தன்னிடம் மட்டும்தான் அது இருக்கிறது என்று அந்தப் பெரிய டாக்டர் சொல்லிக்கொள்வார். சீமைக்குப் போய் வந்தவர். நோயாளியின் முகத்தை ஒரு தரமாவது அவர் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

என் அப்பா கடலுக்கடியில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர். வயது ஏறியதும் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தார், நெஞ்சு கெட்டது. படுத்தால் இழுப்பு, பேசினால் பாதியில் மூச்சு நின்றுவிடும். என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்ததால் நான்தான் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். யுத்த காலம். சீமை மருந்து லேசில் கிடைக்காது. யாருக்கு அது கேட்கிறது என்று அளந்து பார்த்துத்தான் டாக்டர் கொடுப்பாராம்.

மூச்சை அளக்கிற யந்திரம், தண்ணீரில் கவிழ்த்த ஒரு தகரப் பீப்பாய். குழாயில் ஊதினால் பீப்பாய் எழும்பும், பக்கத்தில் முள் நகரும். அப்பா ஊதினார். பிறகு மருந்தை உள்ளே இழுக்க வைத்து, சற்று நேரம் உட்கார்த்தி, மறுபடி ஊதச் சொன்னார்கள். முள் முதல் தரம் ஏறிய இடத்திலேயே நின்றது. ஆனால் அப்பாவின் உதட்டில் நீலம் போயிருந்தது. “ஐயா, நெஞ்சு லேசா இருக்கு. இன்னைக்குப் படுத்துத் தூங்கிருவேன்” என்று நிறுத்தாமல் பேசினார். டாக்டர் முள்ளைத்தான் பார்த்தார்.

“மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இவனுக்கு மருந்து கேக்கல” என்று குழலை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். “ஏம்பா, முழுசா ஊதலையா?”

“ஏளா, கூறு இருக்கா உனக்கு? தண்ணிக்கு அடியில எல்லா மூச்சையும் விட்டவன் மேல வருவானா? மொதல்ல மூச்சே இல்ல, இருந்தத ஊதினேன். மருந்துக்குப் பெறவு நெறைய வந்துச்சு. அதான் சேத்து வச்சுக்கிட்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். காய்ந்த தரையில், நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை மிச்சம் பிடித்த மனுஷன்! திரும்ப ஓடி டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி, இன்னொரு தரம் ஊத விடச் சொல்லிக் கெஞ்சினேன். “ஓகோ, நீ எனக்குப் பாடம் நடத்த வந்தியா?” என்று சிரித்தார், பக்கத்தில் நின்ற நர்சையும் சிரிக்க வைத்தார். தூ! அந்தச் சிரிப்புக்குச் செலவான நேரத்தில் ஊத வைத்திருக்கலாம். அடுத்த மழைக்காலத்தில் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். டாக்டருக்கு அதன் பிறகும் பதவி, மாலை, மரியாதை. ஆஸ்பத்திரியில் படம்கூட மாட்டினார்கள். அந்தப் பக்கம் போனால் நான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன்.

போன வாரம் எனக்கும் இழுப்பென்று மகன் மில்லர்புரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான். சின்னப் பெண். கைக்கு அடக்கமான மெஷின். ஊதினேன், மருந்தை இழுத்தேன், காத்திருந்தேன். மறுபடி ஊதும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், “பாட்டி, பாதியில நிறுத்திட்டீங்களே. மிச்சம் வைக்காம முழுசா விடுங்க” என்றாள். விட்டேன். எண் ஏறியது.

மருந்தை என் கையிலேயே கொடுத்தனுப்பினாள். ரப்பர் பந்தும் இல்லை, பூட்டும் இல்லை. திரும்பி வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, செத்து மண்ணாய்ப் போன அந்தப் பெரிய மனுஷனிடம் வாய்விட்டே கேட்டேன்: “இம்புட்டுதானவே! இந்த ஒரு வார்த்தை சொல்லவா உமக்கு மூச்சில்லாமப் போச்சு?”