ஞாயிற்றுக்கிழமை பார்த்த நிலம்

ஒரகடம் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி, மாடு வைத்து, காய்கறி போட்டுக் குடியிருக்கலாமா என்று கூட வேலை செய்கிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள். முடியாது. நான் வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து பதினாறு வருடமாக இங்கே ஒரு கம்பெனியில் வேலை. உதிரி பாகங்களைச் சோதித்துப் பார்க்கிற வேலை. மண்ணூரில் ஒற்றை அறையில் நானும் மனைவியும். அவள் கேட்டது ஒரு மாடும், நாலு கோழியும், கத்திரி வெண்டை போட இடமும், அங்கேயே ஒரு வீடும்தான். எனக்கும் அதுதான் ஆசை. வெளியே சொன்னதில்லை.

ஆறு மாதம் தேடினோம். போகிற இடத்திலெல்லாம் கிணற்றுத் தண்ணீரைக் கேனில் பிடித்து வந்து அதில் துவரம்பருப்பு வேகவைப்பாள். எங்கள் ஊரில் அதுதான் சோதனை. உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஐந்து இடத்துத் தண்ணீரில் பருப்பு கல் மாதிரியே கிடந்தது. ஆறாவது இடத்தில் வெந்தது.

"ஏங்க, பூவா மலந்திருச்சு. இங்கேயே இருந்துருவோமா?" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

இன்னும் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். புரோக்கருக்குச் சலிப்பு. "இன்னா சார், பொண்ணு பாக்கற மாதிரி எத்தினி வாட்டி வருவ? நாலு படி எறங்கினா தண்ணி. எப்பவும் இப்டித்தான் கீது."

மூன்று தடவையும் நாலு படிதான். ஊரில் இருந்த புஞ்சைக் காட்டை விற்று இதைப் பதிவு செய்தேன்.

கத்திரி நாற்று நட ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கிணற்றில் சேறு மட்டும் இருந்தது. பக்கத்து நிலத்தில் தண்ணீர் லாரிகள் வரிசையில் நின்றன. எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னையே பார்த்தாள்.

"புச்சா வாங்கினது நீதானா? தண்ணி நாயித்துக்கெழம தான்பா வரும்."

"வெளங்கலையேக்கா."

"பக்கத்து போர்லருந்து லாரிக்கு ஏத்திக்கினே கீறானுங்க. கம்பெனிக்கு லீவுன்னா லாரிக்கும் லீவு. அன்னிக்கு மட்டும் கெணறு ஊறிக்கும். நீ லீவு நாளாப் பாத்து வந்துகினு இருந்துருக்க. ஆமா, இன்னா வேல உனுக்கு?"

கம்பெனி வேலை என்றேன்.

"அப்போ உனுக்குத்தான் எட்துகினு போறாங்க, போ" என்று சிரித்தாள்.

அவள் மேல் கோபமில்லை. லைனில் ஒரு பாகத்தை மூன்று ஷிப்டிலும் எடுத்துப் பார்த்தால்தான் சரி என்று எழுதுவேன். எனக்கு வீடு என்று வந்தபோது, லீவு போட்டால் சம்பளம் போகும் என்று வார லீவிலேயே மூன்று தடவையும் போய் நின்றிருக்கிறேன். முட்டாள்.

பக்கத்து நிலத்துக்காரனிடம் சண்டைக்குப் போனேன். "என் நெலம், என் போரு. உனுக்கு இன்னாபா?" என்றான். புரோக்கர் போனை எடுப்பதில்லை. நாற்று கட்டோடு வாடிப்போனது. மாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தவனிடம் வேண்டாம் என்றேன். மழை பெய்தால் சரியாகும் என்று இரண்டு மழைக்காலம் பார்த்தோம். மழை நின்ற பத்தாம் நாள் மறுபடி சேறு.

போன வாரம் அவளிடம் சொன்னேன், "வித்துருவோம்."

"யாருகிட்ட விப்பீக? நம்மள மாதிரி ஒரு கூறுகெட்டவன்கிட்டயா?"

"வேற எவன் வாங்குவான்?"

அன்றிலிருந்து அவள் என்னோடு சரியாகவே பேசுவதில்லை. இதுவரை நான் ஒருவனையும் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூட்டிப்போய்க் காட்டவில்லை. காட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது.