கருத்த பழத்தின் சர்க்கரை

மண்டி மொஹல்லா கடைத்தெருவில் ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடி, கடைசியில் ஒரு வாழைப்பழத் தள்ளுவண்டியின் ஓரமாக நிறுத்தினேன். விற்காமல் கருத்துப்போன சீப்புகளை வண்டிக்காரர் தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். புளிப்பும் தித்திப்புமாக ஒரு வாடை. மற்றவர்கள் அதற்கு மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அது ஆபீஸ் வாசனை.

உணவு ஆய்வகத்தில் பணியில் இருந்த காலம் முழுவதும் நான் அடிபட்ட, கனிந்து நசுங்கிய பழங்களின் சர்க்கரையைத்தான் அளந்தேன். நல்ல பழத்தை யாரும் ஜாமாக்குவதில்லை, உங்களுக்குத் தெரியும். கொதிக்கும் நீலக் கரைசலில் பழக்கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். நீலம் மறைந்து செங்கல் நிறம் வந்தால் நிறுத்த வேண்டும். சர்க்கரை எவ்வளவு என்று அது சொல்லிவிடும். எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. அதைச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அப்படி ஒரு நாள் மார்டள்ளி கிராமத்திலிருந்து மாதப்பன் வந்தார். விற்காத வாழைப்பழத்தைப் பிசைந்து, வெயிலில் காயவைத்து, கட்டியாக நறுக்கி, மாதேஸ்வரன் மலைக் கடைகளுக்குப் போடுகிறவர். உறையில் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று அச்சடித்திருந்தார். தித்திப்பு அதிகமென்று யாரோ கிளப்பிவிட, கடைக்காரர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

“சாமி கும்புட வர்றவங்க திங்கிற பண்டமுங்க. அதுல பொய் சொல்லுவனுங்களா? சர்க்கரையக் கண்ணுலகூடக் காட்டலீங்க.”

ஒப்பிட்டுப் பார்க்க அவர் தோட்டத்துப் பழத்தையும் கொண்டுவரச் சொன்னேன். மறுவாரம் ஒரு கூடை வந்தது. மஞ்சளாக, காம்பில் லேசான பச்சையோடு, ஒரு கீறல்கூட இல்லாத பழங்கள். மாதிரி எடுப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய் வகுப்பு நடத்தியவன் நான். “பழம் பிரமாதம்” என்று பாராட்டிவிட்டு அளக்க உட்கார்ந்தேன்.

காயும்போது போன நீரைக் கழித்துப் பார்த்தாலும் பழத்தைவிடக் கட்டியில் சர்க்கரை கூடுதலாக இருந்தது. எங்கள் பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்தார். “சர்க்கரை போட்டிருக்கான்யா. எழுதி அனுப்பிடும்.”

மாதப்பனிடம் சொன்னேன். அவர் மீதிப் பழத்தை என் பக்கம் நகர்த்தினார். “இத வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. நாலு நாள் வெச்சுத் தின்னுங்க, அப்பத்தான் இனிக்கும்.”

“கட்டிக்கும் இந்த மாதிரிப் பழம்தானே போட்டீங்க?”

“இத யாருங்க கட்டிக்குப் போடுவாங்க? அது தோலு கருத்து நிக்கிற பழம். ஆபீசருங்களுக்கு அதப் போயி கொண்டாருவாங்களா?”

மரியாதைக்காகத் தாரிலேயே நல்லதைப் பொறுக்கி எடுத்து வந்திருக்கிறார். கனியக் கனியப் பழத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகும் என்பது பள்ளிப் பாடம். எனக்கு அது கூடையைப் பார்த்தபோது நினைவுக்கு வரவில்லை.

அந்தப் பழங்களையே ஆய்வகத்தில் கருக்கவிட்டோம். துப்புரவுப் பெண்மணி குப்பையென்று அள்ளிவிடாதபடி, கன்னடத்தில் பெரிதாக எழுதி ஒட்டினேன். “இது லேபா, மண்டியா?” என்று தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போனார். மறுபடி அளந்தேன். இந்த முறை பழமும் கட்டியும் ஒத்துப்போயின. தலைவர் கையெழுத்துப் போட்டார்.

‘சர்க்கரை சேர்க்கப்பட்டதற்கான அறிகுறி இல்லை.’ எங்கள் அலுவலக மொழியில் அதைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது. படித்துக் காட்டியதும் மாதப்பன் கேட்டார். “அப்படீன்னா நான் பொய் சொல்லலீன்னு அர்த்தமுங்களா?”

“ஆமாம்.”

கடைகள் மறுபடி வாங்கத் தொடங்கிய பிறகு ஒருமுறை வந்தார். கூடை நிறையக் கருத்த பழம். “ஆபீசருங்களுக்கு இதுதானுங்களே புடிக்கும்” என்றார், சிரிக்காமல்.

இப்போது அந்த ஆய்வகத்துக்கு மாதிரிகள் கூரியரில் வருகின்றன, பார்கோடு ஒட்டிய பையில். நீலக் கரைசல் போய்விட்டது. இயந்திரம் சர்க்கரையை வகைவகையாகப் பிரித்து அச்சடித்துத் தருகிறது. என் கையைவிட அது துல்லியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பையோடு யாரும் வருவதில்லை. எந்தப் பழம் என்று கேட்க எதிரே ஆள் இல்லை.

தள்ளுவண்டிக்காரரிடம் ஒரு கருத்த சீப்பைக் கேட்டேன்.

“மாட்டுக்கா சார்?” என்றார்.