ஒகாடா வீட்டு வண்டி மலையேறாத கதை

சக்கரவர்த்தியை ஜீப்பில் ஏற்ற நான்கு ஆண்கள் வேண்டும். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்குவார்கள். ஒருவர் இடுப்பைத் தாங்குவார். நான்காமவர் கால்களை மடக்கி உள்ளே தள்ளுவார். புளி உலுக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு போன பிறகு இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. அதனால் கால் சரியாக மடங்கியதா, எங்காவது கம்பியில் உரசுகிறதா என்று அவரால் சொல்ல முடியாது. மலையிறங்கி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் துணியை விலக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒரு படுக்கைப் புண்ணைக் காட்டப் போனவர் இன்னொரு புண்ணோடு திரும்பி வருவார்.

"பெரியவரே, எனக்கு நீங்களும் ஒண்ணுதான், புளி மூட்டையும் ஒண்ணுதான்," என்பார் ஜீப் ஓட்டும் புருஷோத்தமன். "ஆனா புளி இவ்ளோ பேசாது."

"புளிய நீ பதமா ஏத்துவ. மூட்ட கிழிஞ்சா வியாபாரி திட்டுவான். என்னைக் கிழிச்சா உன்ன யாரு கேக்கப்போறா?"

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் வாசலில் நிற்கும் மகள் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். தோளில் வெளுத்த துண்டு இல்லாமல் ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போகாத மனிதர் அவர். காலை மடக்கித் தள்ளுகிறவனுடைய முழங்கை அவர் முகத்தில் இடிக்கும்போது அந்தத் துண்டு எங்கேயோ விழுந்து கிடக்கும். ஒருமுறை ஜப்பானிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகள் நதியா அதை எடுத்து உதறி ஜீப்புக்குள் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் ஜப்பானில் அவள் ஓட்டிய ஒரு வண்டி மனதில் வந்து நின்றது.

சக்கரவர்த்தி, செந்தாமரை தம்பதியின் மூத்த பெண் நதியா. திருப்பத்தூரில் நர்சிங் படித்து, சென்னையில் தங்கி ஜப்பான் மொழி கற்றுக்கொண்டு, அங்கே மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் முதியோரைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்த இல்லத்தில் ஒகாடா என்றொருவர் இருந்தார். முன்னாள் தபால்காரர். கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. அவருக்காகவே அவர் மனைவி ஒரு சின்ன வண்டி வாங்கியிருந்தார். பார்த்தால் நம் ஊரில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் அளவுதான். பின்கதவைத் தூக்கினால் உள்ளேயிருந்து ஒரு சரிவுப் பலகை தரையைத் தொடும். சக்கர நாற்காலியில் ஒரு பட்டையை மாட்டிப் பொத்தானை அழுத்தினால் வண்டியே நாற்காலியை மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆள் உட்கார்ந்தபடியே போகலாம். யாரும் தொட வேண்டியதில்லை.

அந்த ஊர் மருத்துவமனைக்கு ஒகாடாவை நதியாதான் அழைத்துப் போவாள். அதற்காகவே அங்கே ஓட்டுநர் உரிமம் எடுத்தாள். ஸ்டியரிங் வலது பக்கம், சாலையில் இடது ஓரம், எல்லாம் நம் ஊரைப் போலவேதான். வளைவுகளும் அமிர்தி மலைப்பாதையைப் போலவே இருந்தன. ஒகாடா தொப்பி போட்டுக்கொண்டு, மடியில் குடை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தாம் தபால் கொடுத்த வீடுகளைச் சொல்லிக்கொண்டே வருவார்.

அவள் விடுப்பு முடிந்து திரும்பிய சில மாதங்களில் ஒகாடா இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போன நதியாவிடம் அவர் மனைவி, "உன் அப்பாவுக்கு எடுத்துக்கொண்டு போ" என்று வண்டியைக் காட்டினார். அது அப்போது புது வண்டி மாதிரிதான் இருந்தது.

நதியா அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்தாள்.

"எப்போ செத்தாரு?" என்று கேட்டார் சக்கரவர்த்தி.

"போன வாரம்பா."

"போன வாரம் செத்தவரு வண்டிய இந்த வாரம் ஓட்டினு வருவியா? இன்னா பொண்ணு நீ? வருஷம் திரும்பட்டும். அவருக்குப் படையல் போட்டு, அந்தம்மா கையால குடுத்தா எடுத்துனு வா."

"இங்க அப்டி வழக்கம்லாம் இல்லப்பா."

"அவங்களுக்கு இல்லன்னா இன்னா? வாங்கறது நாமதானே?"

செத்தவர் பொருள் வருஷம் திரும்பாமல் வாசலைத் தாண்டக் கூடாது. அரிவாளானாலும் அப்படித்தான், ஆடானாலும் அப்படித்தான். அவர்கள் ஊரில் அண்ணன் தம்பிகளுக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும் அந்த ஒரு வருஷம் எதிலும் கை வைக்கமாட்டார்கள். நதியாவுக்கும் அதில் மறுப்பில்லை. அவள் காத்திருந்தாள். ஒகாடாவின் மனைவிக்கு இதைத் தன் அரைகுறை ஜப்பான் மொழியில் விளக்கினாள். அந்த அம்மாள் எழுந்து நின்று நதியாவுக்குக் குனிந்து வணங்கினார். வருஷம் திரும்பிய நாளில் இருவருமாகச் சோறும் மீனும் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். வண்டிச் சாவியை அந்த அம்மாள் இரண்டு கையாலும் நீட்டினார்.

அந்த ஒரு வருஷம்தான் குற்றம் என்று இங்கே எழுதி வைத்தார்கள்.

வெளிநாட்டில் ஓடிய வண்டி இந்தியாவுக்குள் வர வேண்டுமானால் அது செய்யப்பட்டு மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும். இது நதியாவுக்குத் தெரியும். தெரியாமல் அவள் கப்பலேற்றவில்லை. சுங்கத் தீர்வை வண்டியின் விலையையே தாண்டும் என்பதும், இங்கே ஓடத் தகுதியானது என்று தனியாகச் சான்று வாங்க வேண்டும் என்பதும்கூடத் தெரியும். அதற்காக விடுப்பு நாளிலும் வேலை பார்த்தாள். ஜப்பானில் வண்டிக்குக் கொடுத்த தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். மூன்று வருஷத்துக்கு இன்னும் நாள் இருந்தது. அனுப்பிவைத்த ஏற்றுமதிக்காரரும் அதையே சொன்னார். வேலை ஒப்பந்தம் முடிந்திருந்ததால் வண்டியைக் கப்பலேற்றிவிட்டு அவளும் ஊர் வந்து சேர்ந்தாள்.

வண்டி இறங்கிய மும்பையிலிருந்து ரஞ்சித்குமார் கூப்பிட்டான். துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் வேலை பார்ப்பவன். கணியம்பாடிக்காரன் என்று விசாரித்து அவனிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தாள்.

"அக்கா, ஒரு சிக்கல். உங்க தாள்ல இருக்கறது வண்டி மொதல்ல பதிவான மாசம். இவங்க கேக்கறது கம்பெனில செஞ்ச மாசம். செஞ்சிட்டுக் கொஞ்ச நாள் ஷோரூம்ல நின்னுருக்கு. அதச் சேத்தா மூணு வருஷம் தாண்டிடுச்சு."

"எவ்ளோ தாண்டிச்சு?"

"சில வாரம்தான்க்கா. ஆனா தாண்டுனா தாண்டுனதுதான்."

"வண்டி நல்லாருக்கா இல்லையா, பாத்தாங்களா?"

"அத யாரும் பாக்கல. வயசதான் பாத்தாங்க."

இந்தச் சட்டத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பணக்கார நாடுகள் கழித்துக் கட்டும் ஓட்டை வண்டிகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டிவிடக் கூடாது. சரிதான். ஆனால் ஒரு டயரே இரண்டு ஆள் சம்பளம் பிடிக்கும் புத்தம் புதுக் கார் அதே துறைமுகத்தில் இறங்கலாம். தீர்வையைக் கட்டிவிட்டால் யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள். அதில் ஏறப்போகிறவருக்குக் கால் இருக்கிறதா என்று எந்த விதியும் கேட்பதில்லை. கால் இல்லாதவருக்கு என்று செய்த வண்டியிடம் மட்டும் பிறந்த மாதம் கேட்கிறார்கள். ஊனமுற்றவருக்காக விலக்குக் கொடுங்கள் என்று நதியா மனுப் போட்டாள். வயது விதியில் அப்படி விலக்களிக்க இடமில்லை என்று பதில் வந்தது. இடமில்லையாம். இடத்தை உண்டாக்குவது யார் வேலை?

விசாரணையைக் காணொளியில் வைத்தார்கள். ஊருக்கு மேலே சாமைக் கொல்லையை ஒட்டிய பாறையில்தான் அதற்குப் போதுமான சிக்னல் நிற்கும். சக்கரவர்த்தி தானும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். செந்தாமரை குடை பிடித்தாள்.

"எதுக்கு நீயி? அவங்க இன்னா உன்ன ஓட்டிக் காட்டச் சொல்லப்போறாங்களா?" என்றாள்.

"யாருக்கு வண்டின்னு அவரு பாக்கட்டுமே. மூஞ்சியக் காட்றதுக்குக்கூடவா தீர்வை?"

திரையில் வந்த சுங்க அதிகாரி மரியாதையான மனிதர். ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். ரஞ்சித்குமார் திரையின் இன்னொரு கட்டத்திலிருந்து தமிழில் சொன்னான். அதிகாரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வண்டி உங்களுக்குக் கொடுக்கப்பட்டபோது அதன் வயது வரம்புக்குள்தான் இருந்தது; ஏன் அப்போதே அனுப்பவில்லை?

ரஞ்சித்குமார் முந்தைய நாளே சொல்லிவைத்திருந்தான். கப்பல் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கக்கா, உடம்பு சரியில்லை என்று சொல்லுங்க, எது சொன்னாலும் நான் ஏதாவது தாள் ஏற்பாடு செய்கிறேன். அந்தப் படையல் கதையை மட்டும் சொல்லாதீங்க.

நதியா அப்பாவைப் பார்த்தாள். ஒகாடாவுக்கு வைத்த சோற்றைப் பொய்யாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"செத்தவரோட பொருள எங்க ஊர்ல வருஷம் திரும்பாம எடுக்கமாட்டோம் சார்," என்றாள். "அதனால காத்திருந்தேன்."

மும்பையில் ரஞ்சித்குமார் தலையில் கை வைத்துக்கொண்டது திரையில் தெரிந்தது.

சக்கரவர்த்தி போனை நோக்கிக் குனிந்தார். "சார், நான்தான் அப்டி சொன்னது. பொண்ணு மேல தப்பு இல்ல. எனக்குப் பத்து வயசுல இருந்து புளி ஏறிப் பழக்கம், இப்ப அறுவது தாண்டிடுச்சு. என்னையே இன்னும் ஆஸ்பத்திரில உள்ள வுடறாங்க. மூணு வயசு வண்டி கெழடா சார்?"

அதிகாரிக்கு அது மொழிபெயர்த்துச் சொல்லப்பட்டது. அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. அப்பாவின் உடல்நிலை குறித்து வருத்தம் தெரிவித்தார். எல்லாவற்றையும் பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார்.

பதிவு செய்துகொண்டார்கள். உத்தரவில் அது இப்படி வந்தது: இறக்குமதியாளர், தடை ஏதும் இல்லாதபோதும், தம் சொந்த விருப்பத்தின்பேரில் தாமதித்தார். வண்டியைத் தம் செலவில் திருப்பி அனுப்பலாம். குறித்த காலத்துக்குள் அனுப்பாவிட்டால் நசுக்கப்படும்.

சொந்த விருப்பம் என்ற அந்த வார்த்தையை நதியா பலமுறை படித்தாள். சினிமாவுக்குப் போவது சொந்த விருப்பம். செத்தவருக்கு மரியாதை செய்வதும் அதே கணக்கா? மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டாள்.

"செய்யலாம்க்கா. ஆனா வண்டி அது வரைக்கும் அங்கயே நிக்கும். அதுக்கும் இன்னும் வயசு ஏறும்," என்றான் ரஞ்சித்குமார். சொல்லிவிட்டு அவனுக்கே கோபம் வந்தது. "இன்னா எழவு சட்டம்க்கா இது. நிறுத்தி வெச்சதும் இவங்க, வயசாச்சுன்றதும் இவங்க."

அப்படியும் அவள் மேல்முறையீடு போட்டாள். அது நிலுவையில் இருக்கும்போதே ஐப்பசி மழையில் சக்கரவர்த்திக்குக் காய்ச்சல் கண்டது. அடிமுதுகில் இருந்த புண் உள்ளுக்குள் புரையோடியிருந்தது. எந்த வண்டி கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. புருஷோத்தமனின் ஜீப்தான் வந்தது. நான்கு பேர் தூக்கினார்கள். அன்றைக்கு யாரும் கேலி பேசவில்லை. சக்கர நாற்காலியை மடக்கி மேலே கட்டினார்கள். அவரையும் மடக்கி உள்ளே வைத்தார்கள். நதியா துண்டை அவர் தோளில் போட்டுத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். அமிர்தி இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் அவர் தலை அவள் மார்பில் வந்து மோதியது.

"வலிக்குதாப்பா?"

"வலிச்சாதான் நல்லாருக்குமே," என்றார்.

கணியம்பாடி தாண்டியபோது பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். அங்கேயே போய்விட்டார்.

திரும்பி வரும்போது அமரர் ஊர்தி கொடுத்தார்கள். பின்கதவு அகலமாகத் திறந்தது. தட்டில் உருளைகள் இருந்தன. இரண்டே பேர், அலுங்காமல், நீட்டிப் படுக்கவைத்தபடியே அவரை உள்ளே விட்டார்கள். ஒரு மூட்டுகூட மடங்கவில்லை. அந்த ஊர்தி மலை மேல் வாசல்வரை வந்தது. இந்த நாட்டில் அவர் உடம்புக்குத் தக்க ஒரு வண்டி கிடைக்க அவர் உயிரை விட வேண்டியிருந்தது என்று நதியா நினைத்தாள். நினைத்தவுடன் அழுகை நின்றுவிட்டது. அவளுக்கு அதன்பின் பல நாள் அழுகையே வரவில்லை. பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

காரியம் முடிந்த பிறகு ரஞ்சித்குமார் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டான்.

"அக்கா, இத இப்பக் கேக்கறதுக்கு மன்னிச்சிடுங்க. யாருக்காகக் கேட்டோமோ அவரே இல்ல, மேல்முறையீட்ட வாபஸ் வாங்கிக்கலாமேன்னு சுங்க ஆபீஸ்ல சொல்றாங்க. வாபஸ் வாங்குனா வண்டிய என்ன பண்ணட்டும்? நசுக்குனா உங்களுக்குச் செலவு இல்ல. திருப்பி அனுப்புனா கப்பல் செலவு உங்களுது."

"நசுக்கறதுக்குக் காசு கேக்கமாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அதுக்கு மட்டும் நல்ல மனசு." கொல்லையில் செந்தாமரை முறத்தில் சாமை புடைக்கும் சத்தம் போனுக்குள் கேட்டிருக்கும். "அந்த இல்லத்துல நடக்க முடியாதவங்க இன்னும் நெறைய பேரு இருக்காங்க ரஞ்சித்து. அங்க அந்த வண்டிக்கு இன்னும் வயசு ஆவல. திருப்பி அனுப்பு."

"செலவுக்கா?"

"நான் கட்டறேன். ஆனா வாபஸ் மட்டும் வாங்காத."

"வண்டிய அனுப்பிட்டுக்கூட வழக்க நடத்தலாம்க்கா. ஆனா அவருதான் இல்லையே. இனிமே எதுக்கு?"

"எங்கப்பா ஒருத்தர்தான் மரத்துலருந்து விழுந்தாரா? போன மாசிலகூட ரெண்டு பேரு விழுந்திருக்காங்க. அவங்களும் ஜீப்லதான் மடங்கிப் போறாங்க. அவங்களுக்குன்னு ஒரு வண்டி வந்தா விலக்குக் குடுக்கட்டும். சொந்த விருப்பம்னு எழுதுனாரே, அந்த வரிய அதிகாரிங்க அடிக்கட்டும். அது வரைக்கும் கேக்கறேன். அடுத்த விசாரணை எப்பன்னு மட்டும் சொல்லு. பாறை மேல ஏறி நிக்கறேன்."