தேவயானியின் கம்ப்யூட்டர் கண் விழித்த கதை

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே என் டீக்கடை. அதை ஒட்டினாற்போல் தேவயானியின் டிசைன் கடை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் அவள் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, பெரிய பேனர் என்றால் காஞ்சிபுரத்து அச்சகத்துக்கு அனுப்புவாள். சின்ன போஸ்டர் என்றால் கடையிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுவாள். அவளைப் பற்றி எழுத டீ ஆற்றுகிற இந்த வெங்கடேசனுக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்க வேண்டாம். அவளுடைய கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தவரை என் கடை ஓகோவென்று ஓடியது. அதுவே தகுதி.

தேவயானிக்குச் சொந்த ஊர் மாகறல் பக்கம். அப்பாவும் அம்மாவும் கழனி வேலைக்குப் போகிறவர்கள். இவள் மட்டும் சின்ன வயதிலேயே சுவரில் விளம்பரம் எழுதுகிறவர்களின் பின்னால் சுற்றினாள். பிறகு காஞ்சிபுரத்தில் டிசைன் கற்றுக்கொண்டு இங்கே கடை போட்டாள். கை நன்றாக ஓடும், வாய் அதைவிட நன்றாக ஓடும். பேனரில் தாய்மாமனைச் சிவப்பாக்கச் சொன்னால், மருமகனுக்கே அடையாளம் தெரியாது, பரவாயில்லையா என்று கேட்பாள். கேட்டுவிட்டுச் சிவப்பாக்கியும் தருவாள்.

ஊருக்கெல்லாம் பேனர் போட்டவளின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனேன். கடை நிற்குமா என்று தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பாள்.

அந்தக் கம்ப்யூட்டர் பழசாக வாங்கியது. காலையில் பொத்தானை அமுக்கினால் உறுமும், விளக்கைச் சிமிட்டும், திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கும். அது சுற்றி முடிவதற்குள் வந்தவர்கள் என் கடையில் டீ குடித்து, போண்டா தின்று, மறுபடி டீ குடிப்பார்கள். அப்படிக் காத்திருந்த நேரத்தில் இரண்டு குடும்பங்கள் பேசிப் பழகி, சம்பந்தம் முடித்து, அந்தக் கல்யாணத்துக்கும் அவளிடமே பேனர் சொன்னார்கள். பொய்யில்லை, அந்தப் பந்தியில் நான் சாப்பிட்டிருக்கிறேன்.

பிறகு கடைத்தெருவில் கண்ணாடிக் கதவு போட்ட புதுக் கடை ஒன்று வந்தது. அங்கே பொத்தானை அமுக்கினால் கை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறதாம். என் டீக்கு மயங்கி எத்தனை பேர் காத்திருப்பார்கள்? ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நடையைக் கட்டினார்கள்.

“ஆவணி முகூர்த்தம் முடியட்டும்ணா. இப்டியே போச்சின்னா கடைய மூடிக்கினு கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்,” என்றாள் தேவயானி.

தினமும் காலையில் எங்கள் கடைகளுக்கு எதிரே நின்று, பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ் அது. அந்த வேலையில் குறை ஒன்றுமில்லை. ஆனால் அங்கே போனால் அவள் வரைய மாட்டாள்.

அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து மெமரித் தகடு ஒன்றைக் கூடுதலாகச் செருகினாள். அது எழும்போதே கூடவே எழுந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்த வேண்டாத புரோகிராம்களையெல்லாம் படுக்கப் போட்டாள். கடைசியாக அணைக்கும் விதத்தையே மாற்றிவிட்டாள். எல்லாவற்றையும் மூடி அணைத்து, காலையில் ஒவ்வொன்றாகத் திறக்கிற வேலை இனி இல்லை. மெமரியில் இருப்பதை அப்படியே உள்ளே எழுதி வைத்துக்கொண்டு அது தூங்கும், காலையில் விட்ட இடத்திலிருந்து எழுந்துகொள்ளும். எனக்குப் புரிகிற மாதிரியும் சொன்னாள்: ராத்திரி கழுவிக் கவிழ்த்து வைக்காமல், பிசைந்த மாவை அப்படியே தட்டு போட்டு மூடிவிட்டுப் போவது போலாம். காலையில் தட்டை எடுத்தால் போதும், போண்டா சுடலாம்.

மறுநாள் காலை முதல் போணியாகப் பெருமாள் வந்தார். அக்கா மகன் தமிழரசனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறுக்கோடு மனைவி மீனாவையும், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கையும் கொண்டுவந்திருந்தார். குழந்தையின் படத்தையும் தன் படத்தையும் முன்தினமே செல்போனில் அனுப்பியாயிற்று. தேவயானி பெருமையோடு பொத்தானை அமுக்கினாள். கண் இமைப்பதற்குள் திரை வந்தது.

திரை முழுக்கக் கண்ணீர் அஞ்சலி. மாலை போட்ட பொன்னன் தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். முன்தினம் சாயங்காலம் அவள் கடைசியாகச் செய்த போஸ்டர் அது, விட்ட இடத்திலிருந்து ஒழுங்காக எழுந்திருந்தது.

“இன்னாம்மா இது? கொயந்தைக்கி காது குத்த வந்தா சாவு போஸ்டர காட்டிக்கினு கீற?” என்றார் பெருமாள்.

மீனா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். மதியத்துக்குள் விஷயம் கடைத்தெரு முழுக்கப் பரவியது. நல்ல காரியத்துக்கு அங்கே போகாதே, திறந்ததும் சாவுதான் வரும் என்றார்கள். பழையபடி மெதுவாக எழுந்திருந்தால் முதலில் அவள் திரையில் வைத்திருக்கும் ரோஜாப்பூ படமாவது வந்திருக்கும். வேகம் வந்தும் ஆபத்து. அன்று அவள் என்னிடம் டீ கூட வாங்கவில்லை. எனக்கும் யார் மேல் என்று தெரியாத கோபம்.

அடுத்த நாள் காலையில் பெருமாளும் மீனாவும் காஞ்சிபுரம் பஸ்ஸுக்காக எதிரே வந்து நின்றார்கள். புதுக் கடையில் கூட்டமாம், காஞ்சிபுரத்திலேயே கொடுத்துவிடப் போகிறார்களாம். நான் கேட்காமலே டீ போட்டு, கையில் பிடிக்க முடியாத சூட்டில் கொடுத்தேன். ஆறும்வரை நகர முடியாதல்லவா. தேவயானி கதவை அகலத் திறந்து, திரையைத் தெருப்பக்கம் திருப்பி, ஒன்றும் தெரியாதவள் போலப் பொத்தானை அமுக்கினாள்.

பளிச்சென்று தமிழரசன் வந்தான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் மயில் நிற்க, ஒற்றைப் பல் தெரியச் சிரித்தான். பெருமாள் நல்ல சிவப்பு.

“நம்ம புள்ளதான் கடையிலயே மொதல்ல முயிச்சிக்கினு கீது பாரு,” என்றாள் மீனா. பஸ் வந்தது, போனது. அவர்கள் ஏறவில்லை.

அதன்பிறகு ஊருக்கே ஒரு புதுச் சாங்கியம் பிடித்துக்கொண்டது. ராத்திரி கடைசியாக நம் வீட்டு விசேஷம் திரையில் இருக்க வேண்டும், காலையில் அதுதான் முதலில் விழிக்க வேண்டும். இதற்காகச் சாயங்காலம் ஆரம்பித்து, நீ முன்னால் போ, நீ முன்னால் போ என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் காத்திருந்தார்கள். எங்கே என்று கேட்கிறீர்களா? என் கடையில்தான்.

ஆவணியின் கடைசி முகூர்த்தமும் முடிந்தது. அன்று சாயங்காலம் அவளுக்கு அஞ்சலி போஸ்டர் ஒன்று மட்டுமே வேலை. காலையில் எது விழிக்கும் என்ற கவலை அவளைவிட எனக்குத்தான் அதிகம்.

விடிந்ததும் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஜன்னலில் இருந்த அவள் ஊர்ப் பெண் ஒருத்தி, வர்றியா என்று கூப்பிட்டாள். தேவயானி பொத்தானை அமுக்கினாள்.

‘தேவயானி டிசைன்ஸ், உத்திரமேரூர்’ என்று மஞ்சளில் பெரிய எழுத்து எழுந்து வந்தது. வாசலுக்கு மேலே மாட்டுகிற அளவுக்குச் சரியாக நீளமாக இருந்தது. பஸ் நகர்ந்துவிட்டது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: ‘காத்திருக்க வேண்டாம். டீ வேண்டுமென்றால் பக்கத்துக் கடை.’