தெருவுக்குக் கீழே போன வீடு

கிராமப் பொதுப்பணி அலுவலகத்தில் அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. எல்லாருக்கும் அவர் ரசமட்டம். தரை சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரிகள் கண்ணாடிக் குழலில் குமிழி ஓடுகிற கருவியை வைப்பார்களே, அந்த வேலையை அவருடைய கண்ணே செய்துவிடும். குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் ஒரு விரக்கடை தூக்கி நிக்குது" என்பார். கருவியை வைத்துப் பார்த்தால் சொல்லி வைத்தாற்போல ஒரு விரற்கடைதான் இருக்கும்.

சாக்கடை தூர்வாருவது, குழாய் உடைப்பை அடைப்பது, விளக்குக் கம்பத்துக்குக் குழி தோண்டுவது, ரோடு போடுவது என்று இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. அதில் அவர் முதன்முதலாகப் போட்டது அவர் குடியிருந்த தெரு ரோடுதான். கல்யாணம் ஆன வருடமும் அதுவே. அப்போது வீட்டு வாசலிலிருந்து மூன்று படி இறங்கித் தெருவுக்கு வரவேண்டும்.

அந்த ரோடு போட்டதும் ஒரு படி காணாமல் போனது. ஏழெட்டு வருடம் கழித்து, பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ஜல்லியும் தாரும் கொட்டினார்கள். இரண்டாவது படியும் போயிற்று. மூன்றாவது தடவை வாசலும் தெருவும் ஒன்றாகின. நான்காவது தடவை வீடு பள்ளத்தில் இறங்கியது. நான்கு தடவையும் மண்வெட்டி பிடித்த கைகளில் அவர் கையும் ஒன்று.

மழைத் தண்ணீருக்குப் பயந்து வீட்டுக்குள் இரண்டு தடவை தரையை உயர்த்தினார்கள். தரை ஏறியதே தவிர கூரை ஏறவில்லை. மின்விசிறி தலையில் இடிக்கும்போல வந்ததால் அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டார்கள். நிலைவாசலில் அவர் குனிந்து நுழைவார். மனைவிக்குக் குனியத் தேவையில்லை, ஆனால் அவளும் பழக்கத்தில் தலையைத் தாழ்த்திக்கொள்வாள். ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருந்தாள். ஆரம்பத்தில் அந்த ஜன்னலில் போகிறவர் வருகிறவர் முகம் தெரியும். பிறகு இடுப்பு தெரிந்தது. இப்போது கால்தான். "டீச்சர் வர்றாங்க, செருப்பு புதுசு" என்று தைத்துக்கொண்டே சொல்வாள். தைக்கக் கொடுக்கிறவர்கள் இறங்கி வரச் சோம்பல்பட்டு, துணியை ஜன்னல் வழியாகவே நீட்டிவிட்டுப் போவார்கள்.

வீட்டை விற்றுவிடலாம் என்றும் பார்த்தார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர்கள்தான்.

இந்த நிலையில்தான் ஐந்தாவது தடவை ரோடு போட உத்தரவு வந்தது. ரசமட்டம் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஜல்லி லாரி தெருமுனையில் வந்து கொட்டிவிட்டுப் போனதை ஜன்னல் மறைக்குமா?

இரண்டு நாள் கழித்து ஓவர்சியரம்மா அவரைக் கூப்பிட்டாள். முப்பது வயதுக்காரி, மரியாதை தெரிந்தவள்.

"அண்ணே, ஒரு புகார் வந்திருக்கு. இடத்தைப் பாத்துட்டு ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வீட்டில் தினமும் தையல் அளவு நோட்டில் பார்க்கிற கையெழுத்து. கழுத்து இவ்வளவு, கை இவ்வளவு என்று எழுதுகிற அதே உருண்டை எழுத்தில், 'ரோடு எங்கள் வீட்டை விட உயரமாக இருக்கிறது. சுரண்டிவிட்டுப் போட வேண்டும்' என்று எழுதியிருந்தது. விலாசம் அவருடையதுதான்.

அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

"என்ன இந்த நேரத்துல?" என்றாள் மனைவி.

"புகார் குடுத்திருக்கியே. பாக்க வந்திருக்கேன்."

அவள் சிரிக்கப் போனாள். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள். "அப்ப சரியா அளங்க" என்று டேப்பின் ஒரு முனையை வாங்கித் தரையில் அழுத்திப் பிடித்தாள். அவர் மறுமுனையை ரோட்டு விளிம்புக்குப் பிடித்தார். இரண்டு தடவை உயர்த்திய பிறகும் தரை ஒரு சாண் கீழேதான் கிடந்தது.

அவர் எழுதிக் கொடுத்ததை ஓவர்சியரம்மா படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ரோடு உயரம்னு எழுதினா ஆபீஸ் மேல தப்புன்னு ஆயிடும்ண்ணே. வீடு தாழ்வான இடத்துல இருக்குன்னு எழுதுங்க."

"தாழ்வா யாரும் கட்டல மேடம். நாமதான் மேல மேல…"

"எனக்குத் தெரியாதா? எங்கம்மா வீடும் இப்படித்தான் கிடக்கு. சுரண்டணும்னா எஸ்டிமேட்டையே மாத்தணும். மேல அனுப்பினா மூணு கிராமத்து ரோடும் சேர்ந்து நின்னுடும். நீங்க ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்கூட இல்ல. இப்பப் போய் ஒரு மெமோ வாங்கணுமா?"

அவள் மிரட்டியிருந்தால் அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பார். நல்லவிதமாகச் சொன்னாள், நிஜத்தையும் சொன்னாள். புதுக் காகிதம் வாங்கி, 'மேற்படி வீடு தாழ்வான இடத்தில் உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அதை மனைவியிடம் அவரே சொன்னார். வேறு யார் வாயாலும் அவள் கேட்கக்கூடாது என்று நினைத்தார். அவள் ஊசியில் நூல் கோத்து முடித்த பிறகுதான் பேசினாள்.

"அப்ப வீடுதான் தப்புப் பண்ணிடுச்சு."



ரோடு போடும் நாள் வந்தது. ரோலர் ஓட்டுகிறவன் அவருக்குத் தம்பி மாதிரி. என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான்.

"அண்ணே, உங்க வீட்டு முன்னாடி மட்டும் பத்தடி தூரம் கொத்திச் சுரண்டிட்டுப் போட்டுடலாம். ஒரு மணி நேர வேலை. யாரு வந்து பாக்கப் போறா?"

மற்ற ஆட்களும் தலையாட்டினார்கள். ஒருவன் கடப்பாரையை எடுத்தே விட்டான். ரசமட்டம் குனிந்து தெருவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எதிர்ப்பக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தார். கண் பொய் சொல்லத் தெரியாத கண். இரண்டு பக்கமும் தெரு இந்த இடத்தை நோக்கித்தான் சரிந்து வந்தது. இங்கே பத்தடியை இறக்கினால் மொத்தத் தெருத் தண்ணீரும் வந்து அவர் வாசலில்தான் நிற்கும்.

"வேணாம்பா," என்றார். "குளம் ஆயிடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"கொட்டு."

அவரே பரப்பினார். சூட்டில் கால் தவித்தது. ரோலர் வாசலைத் தாண்டும்போது சுவர் அதிர்ந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மனைவி உள்ளே மெஷினை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்த ஜன்னல் வழியாக அவளுடைய முகம் தெரிந்திருக்காது.

மழைக்கு முன்னால் வாசலின் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் கட்டினார். தண்ணீர் அதைத் தாண்டவில்லை, அடியில் கசிந்து வந்தது. வேலைக்குப் போகுமுன் அவரும் மனைவியும் வாளி வாளியாக மொண்டு ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினார்கள். வேறெங்கே ஊற்றுவது? வெளியே இருப்பது ரோடு. ஊற்றின தண்ணீர் ரோட்டு விளிம்பில் ஊறியது. ஒரு மாதத்தில் அந்த இடம் பொத்துக்கொண்டு பள்ளம் விழுந்தது. சைக்கிளில் வந்த தபால்காரர் அதில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு புகார் எழுதிப் போட்டார். அதை அடைக்க அனுப்பினதும் ரசமட்டத்தைத்தான்.

பள்ளத்தின் ஓரத்தை அவர் கடப்பாரையால் நேராக வெட்டிக்கொண்டிருந்தபோது மனைவி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தடுப்பைத் தாண்டி வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கறுப்பு, சாம்பல், மறுபடி கறுப்பு என்று வெட்டின பக்கம் அடுக்கடுக்காக நின்றது.

"நாம கல்யாணம் பண்ணினப்ப போட்டது இதுல எதுங்க?"

அவர் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். முழங்கை வரை உள்ளே போயிற்று. "அந்தா, அடியில சின்ன ஜல்லி தெரியுதே, அது."

"நல்லாப் போட்டிருக்கீங்க. அது மட்டும் பெயரவே இல்ல."

அவள் கேலியாகத்தான் சொன்னாள் என்று அவருக்குப் பட்டது. முகத்தைப் பார்த்தால் கேலி இல்லை.

"அண்ணே, கலவை ஆறுது!" என்று தள்ளுவண்டிப் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்றார். அவள் தள்ளிக்கொண்டாள். அவர் கலவையை அள்ளிப் போட்டு இடித்தார். ஆவி அடங்குகிற வரை நின்று பார்த்துவிட்டு, அவள் உள்ளே இறங்கிப் போனாள். பட்டியலில் அடுத்த பள்ளம் பள்ளிக்கூட முனையில். வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போனார்கள்.